ஐஸ்கிரீம் வாளியில் இருபத்தொரு மோதகங்கள்

சென்ற மாதம், இளம் சட்டத்தரணிகளான உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருடைய கட்சிக்காரர், விசாரணை நாளன்று, தன் வழக்கைத் தீர்மானிக்கப்போகிறவரோடு மின்தூக்கியில் தனியாக ஏறிவிட்டாராம். இருவரும் பனியைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருக்கிறார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை.

"ஐயா, இதைச் சொல்லத்தான் வேணுமோ? சும்மா சினோவைப் பற்றித்தானே கதைச்சவை."

"இண்டைக்கே சொல்லும். சொல்லப்போறம் எண்டு முதலில உம்மட கட்சிக்காரரிட்டைச் சொல்லும், பேந்து அங்கை சொல்லும்."

சாப்பிட்டாயிற்றா, காருக்குக் குளிர்கால டயர் போட்டாயிற்றா என்றும் கேட்டேன். டயர் இன்னும் போடவில்லையாம். அது வேறு கவலை. ஏன் முதலில் கட்சிக்காரரிடம் சொல்லவேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அவசரத்தில் வைத்துவிட்டார். கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் இலங்கையில் சட்டம் படித்து யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் வழக்காடியவன். மொன்றியலுக்கு வந்ததும் அந்தப் பட்டமும் கறுப்புக் கோட்டும் பெட்டிக்குள் போயின. பல்கலைக்கழகத்தில் மறுபடி படித்து, சட்டத்தரணியாவதற்கான தொழிற்படிப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. வகுப்பில் முப்பத்தாறு பேர். அத்தனை பேரிலும் மூத்தவன் நான். விரிவுரையாளர்களிலேயே இருவர் என்னைவிட இளையவர்கள். பிரெஞ்சில் ஒரு கேள்வி வந்தால் அது என் தலைக்குள் ஆங்கிலமாகி, பிறகு தமிழாகும். பதில் அதே வழியால் திரும்பி வருவதற்குள் முன்வரிசைப் பிள்ளை ஒன்று சொல்லி முடித்துவிடும்.

வகுப்பில்லாத நாட்களில் பகுதிநேர வேலை. செயின்ட்-மிஷேலில் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில், அகதி வழக்குகளை நடத்தும் ஒரு சட்டத்தரணியிடம். அறுபது வயதான கியூபெக்காரப் பெண்மணி. இங்கே சட்டத்தரணிகளுக்கு 'மேத்ர்' என்பதுதான் மரியாதைச் சொல், ஆகையால் எங்களுக்கும் அவர் மேத்ர். மின்தூக்கிக்குப் பயந்தவர். எந்தக் கட்டடமானாலும் படியேறித்தான் வருவார், வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். தமிழ்க் கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பிரெஞ்சில் எழுதுவதும், பிரதி எடுப்பதும், விசாரணைக்கு அவர்களோடு துணையாகப் போவதும் என் வேலை. நான் முதன்முதலாக எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு மேத்ர் கேட்டார்: "இந்த மனிதர் உண்மையாகவே இவ்வளவு அழகாகவா பேசினார்?" இல்லை என்றேன். "அப்படியானால் இது அவருடைய கதை இல்லை" என்று திருப்பித் தந்தார். நான் மறுபடி எழுதினேன்.

படிப்புக்குக் கிடைத்த இடம் மெட்ரோவும் சமையலறை மேசையும். பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு கார்தெரியில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் மனைவிக்கு. முப்பது குழந்தைகளின் சத்தத்தை முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தால், நான் புத்தகத்தை விரித்துவைத்து இன்னும் எத்தனை பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

"படிக்கிறியளோ, எண்ணுறியளோ?"

"எத்தினை கிடக்கெண்டு தெரிஞ்சாத்தானே படிக்கலாம்."

"அப்ப எண்ணி முடிச்சுப்போட்டு ஒரு பக்கமாவது படியுங்கோவன்."

அந்தப் பருவத்தில் தொழில் ஒழுக்கம் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்பவரோடு மறுதரப்பு அறியாமல் எந்தத் தொடர்பும் கூடாது, நேர்ந்துவிட்டால் உடனே வெளிப்படுத்த வேண்டும். புத்தகத்தில் நான்கு வரி. மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் எங்களிடம் வந்தார் சிவகுரு அண்ணை. வயது ஐம்பதுக்கு மேல். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், இங்கே புவாண்ட்-கிளேரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அங்கே இரவில் பொலிஸ் வரும், அடையாள அட்டையைப் பார்க்கும், சில வேளை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும். அண்ணையின் கோரிக்கை ஏற்கப்பட்டால் அந்த மூன்று பேரையும் கூப்பிடலாம். நிராகரிக்கப்பட்டால் அவரே திரும்பிப் போகவேண்டிவரும். அந்த ஒரு விசாரணையில் நாலு பேரின் வாழ்க்கை இருந்தது.

அவரைத் தயார்ப்படுத்துவது இலேசான வேலையாக இருக்கவில்லை. ஊரைவிட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் சங்கக்கடையில் சீனி வந்திறங்கிய நாளிலிருந்து தொடங்குவார்.

"அண்ணை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

"தம்பி, சீனியைச் சொல்லாட்டி ஆமி ஏன் வந்தவன் எண்டு அவைக்கு எப்பிடி விளங்கும்?"

"ஆமி வந்ததை முதலில சொல்லுங்கோ. சீனியைப் பிறகு அவை கேப்பினம்."

"கேக்காட்டி?"

கேட்காவிட்டால் நான் கேட்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரை நகர்த்த முடிந்தது. அந்தக் கதைகளுக்கு நடுவே இதையும் சொன்னார்: வெள்ளிக்கிழமைகளில் கடைக்குள் பிள்ளையார் படத்துக்குப் படைத்துவிட்டு, வருகிற எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கையில் கொடுத்த பிறகுதான் வியாபாரம் தொடங்குவார். அந்த நேரம் சோதனைக்கு வந்து நின்ற ஆமிக்காரனுக்கும் ஒருநாள் கொடுத்திருக்கிறார். அதை நான் எழுதவில்லை. வழக்குக்குத் தேவையில்லாத விஷயம் என்று நினைத்தேன்.

விசாரணை நாள் வந்தது. நகரத்தின் நடுவில் உயரமான கட்டடம், அதில் அகதி வழக்குகளைத் தீர்மானிக்கும் சபையின் காத்திருப்பு அறை. பதினான்கு கதிரைகள். அண்ணை இரவல் கோட்டோடு, நெற்றியில் திருநீற்றோடு, கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளியோடு வந்தார். மூடியைத் திறந்தார். மோதகம். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்து விடியற்காலையில் எழும்பி அவித்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

"இருவத்தொண்டு. பிள்ளையாருக்குப் படைச்சுப்போட்டுக் கொண்டு வந்தனான். எடுங்கோ தம்பி."

நான் ஒன்று எடுத்தேன். எதிரே இருந்த ஆபிரிக்கக் குடும்பம் நான்கு பேர், ஆளுக்கொன்று. வாசல் காவலாளிக்கு ஒன்று. சபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு சென்னைப் பெண்மணி. "அய்யோ, மோதகமா! பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று இரண்டு எடுத்துக்கொண்டார். மூலையில் சாம்பல் நிற மேற்கோட்டோடு தனியாக இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் கிட்டேயும் அண்ணை போனார். அந்த மனிதர் தயங்கினார். அண்ணை வாளியை அவர் மூக்குவரை நீட்டி, "சாமி... போன்... போன்" என்றார், நல்லது என்பதற்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல். மனிதர் சிரித்தபடி ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடித் திறந்தார். அண்ணை அவர் கையில் இன்னொன்றை வைத்துவிட்டுத்தான் திரும்பினார். வாளியில் பதினொன்று மிச்சம்.

மேத்ர் படியேறி வந்து சேர்ந்து மூச்சு வாங்கி முடிய, எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அரசாங்கத் தரப்பு அதிகாரி ஏற்கனவே உள்ளே இருந்தார். மேத்ர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதவு திறந்தது. வழக்கைத் தீர்மானிக்க வேண்டியவர் வந்து நடுக் கதிரையில் உட்கார்ந்தார். சாம்பல் நிற மேற்கோட்டை மட்டும் கழற்றியிருந்தார்.

அண்ணை என் முழங்கையை இடித்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"தம்பி, எங்கட மோதகம் திண்ட ஐயா! பிள்ளையார் ஆளைக் காட்டித் தந்திருக்கிறார், பாத்தியளே!"

அந்த மனிதரும் எங்களை அடையாளம் கண்டுவிட்டார். ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தான்மேல் அவர் விரல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. மேத்ருக்கு ஒன்றும் தெரியாது. அதிகாரிக்கும் தெரியாது.

சொல்லாமல் விடுவதற்கு நாலு காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. ஆளைத் தெரிந்து கொடுக்கவில்லை. இரண்டு மோதகத்துக்கு யாரும் தீர்ப்பை விற்கப்போவதில்லை. சொன்னால் விசாரணை தள்ளிப்போகும், கொழும்பில் மூன்று பேர் அந்த அறைக்குள்ளேயே இருப்பார்கள். நாலாவது என்னைப் பற்றியது: சட்டத்தரணியாகச் சேர்க்கும் முன் என் நடத்தையைப் பற்றி விசாரிப்பார்கள், இப்படி ஒரு பேச்சில் என் பெயர் அடிபடக்கூடாது. சொல்வதற்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது. அதைச் சிறிது நேரத்தில் அண்ணையிடமே சொல்லவேண்டி வந்தது.

நான் மேத்ரின் பக்கம் குனிந்தேன். "ஒரு நிமிடம் வெளியே வரவேண்டும்."

"இப்போதா?"

"இப்போதே. அவர் பொத்தானை அழுத்தும் முன்."

வெளியே வந்து சொன்னேன். மேத்ர் முதலில் கணக்குக் கேட்டார்.

"எத்தனை?"

"இரண்டு."

"மிச்சம் இருக்கிறதா?"

வாளியைக் கொண்டு வந்தேன். ஒன்றை எடுத்து, நின்றபடியே நிதானமாகச் சாப்பிட்டார். "நான் என்ன பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"நல்லது. ஆனால் உள்ளே போய்ச் சொல்லும் முன் அவரைக் கூப்பிடு. வழக்கு அவருடையது. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் அங்கே வைத்து முதல்முறையாக இதைக் கேட்கக்கூடாது."

அண்ணையை வெளியே கூட்டிவந்து தமிழில் விளக்கினேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. அதுவரை 'நீங்கள்' என்று பேசியவர் 'நீர்' என்று தொடங்கினார்.

"சாமிக்குப் படைச்சதைக் குடுத்தது குற்றமோ?"

"குற்றமில்லை அண்ணை."

"பேந்தென்னத்துக்குச் சொல்லுறீர்? பதினாறு வரியம் சங்கக்கடையில இருந்தனான். ஒரு றாத்தல் சீனி வீட்டை கொண்டு போகேல்லை. என்ரை பெண்சாதி மற்றச் சனத்தோட லைனில நிண்டுதான் சாமான் வாங்கினவள். என்னைப் போய் லஞ்சம் குடுத்தவன் எண்டு அந்த ஐயாவுக்கு முன்னாலை சொல்லப்போறீரோ?"

"அண்ணை, நாங்களாச் சொன்னா அது மோதகம். ஒளிச்சாத்தான் அது லஞ்சம். இண்டைக்கு ஒளிச்சுப்போட்டு, நாளைக்குப் பிள்ளையள் வந்து சேர்ந்த பிறகு ஆரும் கிளறினா, உங்களுக்குக் கிடைச்ச முடிவையும் சேர்த்துக் கிளறுவினம். பிள்ளையள் வரேக்கை ஒருத்தரும் கைவைக்கேலாத கடதாசியோட வரவேணும்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தள்ளிப்போகுமோ?"

"போகும் போலைதான் கிடக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

"சொல்லுங்கோ அப்ப" என்றார். அது சம்மதமில்லை, அவரிடம் மறுக்கத் தெம்பில்லை. ஆனாலும் அவர் வாயால் வந்தது. அவர் வேண்டாம் என்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று பிற்பாடு மேத்ரிடம் கேட்டேன். "அவர் ஓம் என்னும்வரை அந்த நடையிலேயே நின்றிருப்போம்" என்றார்.

உள்ளே போகும்போது மொழிபெயர்ப்பாளர் என்னிடம் குசுகுசுத்தார்: "சார், நானும் ரெண்டு சாப்ட்டேனே. என்னையும் மாத்திடுவாங்களா?" பல்லுக்குள் தேங்காய்ப்பூ தெரிந்தது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

மேத்ர் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னார். எந்த நாளில் செய்வது, ஏன் எல்லாருக்கும் கொடுப்பது, காத்திருப்பு அறையில் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அதிகாரி கேட்டபோது நான் கணக்குச் சொன்னேன். நடுக் கதிரையில் இருந்தவரின் காது சிவந்தது. அதிகாரி தனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, ஆனாலும் வேறொருவர் விசாரிப்பது நல்லது என்றார். அந்த மனிதர் தலையாட்டினார். "நான் அதை மிகவும் ருசித்துச் சாப்பிட்டேன். அதுதான் சிக்கல்" என்றார். விசாரணை பனிக்காலத்துக்கு அப்பால் தள்ளிப்போனது.

திரும்பும்போது மெட்ரோவில் அண்ணை பெட்டியின் அந்தத் தலைப்பில் போய் நின்றுகொண்டார். தன் நிறுத்தம் வந்ததும் என்னிடம் வந்தார். பேசப்போகிறார் என்று நினைத்தேன். வாளியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். உள்ளே பத்து இருந்தன. அன்று வீட்டில் நானும் மனைவியும் அதைத் தொடவில்லை. மறுநாள் அவள் கார்தெரிக்குக் கொண்டுபோய்க் கூட வேலை செய்யும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். வாளியைக் கழுவி வைத்துக்கொண்டோம்.

அந்தப் பனிக்காலத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. கொழும்பில் ஒரு மாலை லொட்ஜைச் சுற்றிவளைத்து மூத்த பெண்ணைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், லொட்ஜ் முதலாளி போய்ப் பேசி அடுத்த நாள் கூட்டிவந்தார். அண்ணை இதை மேத்ருக்குத்தான் சொன்னார், உடைந்த பிரெஞ்சில், நான் அடுத்த மேசையில் இருக்கும்போதே. அதற்கு அடுத்த வாரம் எனக்குத் தொழில் ஒழுக்கப் பரீட்சை. மூன்றாவது கேள்வி: தீர்ப்பாளரோடு எதிர்பாராத தொடர்பு ஏற்பட்டால் சட்டத்தரணி செய்யவேண்டியது என்ன? மஞ்சள் கோடு போட்ட நான்கு வரி எனக்கு மனப்பாடம். பேனா ஓடவில்லை. அந்த நான்கு வரியைச் செய்ததால் ஒரு பெண்பிள்ளை இரவு முழுவதும் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் நினைவில் நின்றது. கடைசியில் எழுதினேன். எழுதியது சரியான விடைதான். நீங்களும் சரியான விடையைத்தான் எழுதவேண்டும், செய்யவும் வேண்டும். ஆனால் அதன் விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கட்டுகிறார்கள் என்பதை மறந்துவிட்டு எழுதாதீர்கள். அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள் என்று நான் அலுப்புத் தட்டுமளவுக்குச் சொல்வது இதனால்தான்.

பனி உருகத் தொடங்கியதும் இரண்டாம் விசாரணை. அதே காத்திருப்பு அறை, அதே பதினான்கு கதிரைகள். அண்ணை வெறுங்கையோடு வந்தார். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, மூலையில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஊரெல்லாம் கொடுத்துப் பழகிய மனிதர் காலடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எதிரே ஒரு தாயின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அண்ணையின் வலக்கை பைக்குள்ளே அசைந்தது. வெளியே வந்தது. திரும்ப உள்ளே போனது. பிறகு, அந்த மெட்ரோவுக்குப் பிறகு முதல்முறையாக, என் பக்கம் திரும்பினார்.

"தம்பி... இந்தப் பிள்ளைக்கு ஒரு ரொஃபி குடுக்கலாமோ?"

நான் அந்தத் தாயைப் பார்த்தேன்.

"குடுங்கோ அண்ணை. தாயிட்டை ஒருக்காக் கேட்டிட்டுக் குடுங்கோ."

தாயைப் பார்த்துக் கையால் கேட்டார். அவள் சிரித்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. அண்ணை திரும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார், முன்பு ஒரு கதிரை இடைவெளி விட்டிருந்தார்.

இம்முறை விசாரித்தவர் கண்டிப்பான ஒரு பெண்மணி. கேள்விகள் நீண்டன. சீனியைப் பற்றிக்கூடக் கேட்டார், அண்ணை வெற்றியோடு என்னைப் பார்த்தார். கடைசியில் அதிகாரியிடம் கருத்துக் கேட்டபோது அவர் கடதாசிகளை மூடினார். "தமக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் இவர்கள் ஒன்றைத் தாமாகவே சொன்னார்கள். மற்றவற்றைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை." தீர்மானம் அந்த இடத்திலேயே சொல்லப்பட்டது: கோரிக்கை ஏற்கப்பட்டது. முதலாமவரே கேட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்குமா, அந்த மூத்த பெண்ணுக்கு அந்த இரவு இல்லாமல் போயிருக்குமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இப்போது கர்க்லாண்டில் என் மகள் வீட்டில், செய்ய வேலை ஒன்றுமில்லாமல் இருப்பதால் அடிக்கடி யோசிக்கிறேன். தெரியவில்லை.

மனைவியும் பிள்ளைகளும் அடுத்த ஆண்டு மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். நான் போகவில்லை, பயிற்சிக்காலத்தின் முதல் வாரம் அது. அண்ணை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "மூண்டு பேரும் வந்திட்டினம் தம்பி" என்றார், பிறகு அதையே மறுபடி மறுபடி சொன்னார். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சத்தியப்பிரமாணம் எடுத்த நாளில் மண்டபம் நிறையக் கறுப்பு அங்கிகள். மேடையில் ஒரு நீதிபதி. சடங்கு முடிந்து எல்லாரும் கலந்து பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் பழைய ஐஸ்கிரீம் வாளி ஒன்று தெரிந்தது. அது எங்கள் வீட்டில் கழுவி வைத்திருந்த அதே வாளி. என் மனைவி எனக்குத் தெரியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வாளிக்குப் பின்னால் சிவகுரு அண்ணை, அவருக்குப் பின்னால் அவர் மனைவி, சேலைக்கு மேல் பனிக்கோட்டோடு. இரண்டு பெண்பிள்ளைகளும் தாயின் இரு பக்கமும் நின்று விறைத்த கைகளை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணை என் காதருகே வந்தார்.

"தம்பி, இப்ப நீங்கள் அப்புக்காத்து. வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. இதுக்குள்ளை ஆருக்குக் குடுக்கலாம், ஆருக்குக் குடுக்கக்கூடாது?"

"அண்ணை, இண்டைக்கு இஞ்சை ஒரு வழக்கும் இல்லை. எல்லாருக்கும் குடுக்கலாம்."

"மேடையில இருக்கிற ஐயாவுக்கும்?"

"அவருக்கும்தான்."

மூடியைத் திறந்தார். மேடையை நோக்கி இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பி வந்தார்.

"குறை நினையாதையுங்கோ. எதுக்கும் ஒருக்கா மேத்ரிட்டையும் கேட்டுப் பாருங்கோ."

இருவரும் மேத்ரைத் தேடினோம். பின்வரிசையில், அண்ணையின் இளைய மகளுக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பிள்ளை இதற்குள் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். வாய் நிறைய மோதகம் இருந்ததால் மேத்ரால் பேச முடியவில்லை. மேடைப் பக்கம் கையை மட்டும் காட்டினார், போ போ என்று.